மூன்று பேர் உப்புப் போட்ட சாலட்

குசினியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

விடுதி மேனேஜர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். "அக்கா, புதுசா நாலு பேரு வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. உங்க அனுபவத்துல இருந்து நாலு வார்த்தை எழுதிக் குடுங்க, அடுக்களைச் சுவத்துல ஒட்டுவோம்" என்றார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்று அவருக்கும் தெரியும். சுவரில் ஒட்டுகிற மாதிரி சாதனை எதுவும் நான் செய்யவில்லை. ஒரு தப்பு செய்தேன், அதைத்தான் எழுதுகிறேன். சுவரில் இடம் இருந்தால் ஒட்டுங்கள். இல்லையென்றால் அடுப்பு மேடையில் ஈரம் படாமல் விரித்துக் கொள்ளுங்கள்.

அடுக்களை என்று மேனேஜர் சொல்வார். எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் அதற்குப் பேர் குசினி. எனக்கு அந்த வார்த்தைதான் வாயில் வரும். ஹார்பருக்குப் போகிற ரோட்டில் இருக்கும் இந்த மாலுமிகள் விடுதியின் குசினியில் இருபத்தேழு வருஷம் நின்றேன். கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறவர்களும், கப்பல் ஏற வந்து காத்திருக்கிறவர்களும் ஒரு நாளோ இரண்டு நாளோ இங்கே தங்குவார்கள். முகம் பழகுவதற்குள் போய்விடுவார்கள். அவர்கள் நம் ஊரைப் பற்றித் தங்கள் ஊரில் போய் என்ன சொல்வார்கள் என்பது, பாதிக்கு மேல் நாம் போடுகிற தட்டில்தான் இருக்கிறது. வெங்காயம் நறுக்குவதையும் சீலா மீனைத் துண்டு போடுவதையும் என்னோடு குசினியில் நின்ற காதர் பாய் உங்களுக்குச் சொல்லித் தருவார். நான் அதற்குள் போகவில்லை.

நான் சேர்ந்தபோது இந்தக் குசினி ஒரு பெரியவர் கையில் இருந்தது. தோணியில் சமைக்கிறவரைப் பண்டாரி என்பார்கள். அவர் முப்பது வருஷம் தோணியிலும் கப்பலிலும் ஆக்கிப் போட்டுவிட்டுக் கரையேறியவர். அதனால் அவருக்குப் பேரே பண்டாரி அண்ணாச்சி என்று ஆகிவிட்டது. உண்மையான பேர் என்ன என்று நான் கேட்டதே இல்லை, இப்போது அதற்கு வெட்கமாக இருக்கிறது. அவர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார்.

"ஆக்குன கை ஒரு வாய் பாக்காம தட்டு வாசப்படி தாண்டக் கூடாது."

ஏன் என்று கேட்டால், "நடுக்கடல்ல சோறு வாயில வைக்க முடியலன்னா, பக்கத்துக் கடைக்கா போவான்?" என்பார். அவ்வளவுதான். இந்தச் சட்டத்தை நான் இருபத்தாறு வருஷம் மீறவில்லை. மீறியது ஒரே ஒரு நாள், ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தவக்காலம். தவக்காலத்து வெள்ளியில் நான் ஆடு, கோழி தொடமாட்டேன். மீன் உண்டு, கறி கிடையாது. சின்னப் பிள்ளையில் இருந்து அப்படித்தான். காதர் பாய்க்கு ரமலான் நோன்பு. சமைக்கிறவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று அனுமதி உண்டாம், ஆனால் பாய் அதுகூடச் செய்யமாட்டார், எச்சில்கூட யோசித்துத்தான் விழுங்குவார். மூன்றாவது ஆள் முத்துலட்சுமி, ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயக்காட்டுக் குடும்பம். திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு மாலை போட்டிருந்தாள். முட்டை இருந்த தட்டைக்கூட அவள் கழுவுவதில்லை, பாய்தான் கழுவிக் கொடுப்பார்.

ஆக மூன்று பேர் வேலை செய்கிற குசினியில், கோழிக்கறியை வாயில் வைத்துப் பார்க்க ஒரு நாக்கு இல்லை. அன்றைக்குச் சமையல் மீன்குழம்பும் அவியலும்தான் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மீனை நான் பார்ப்பேன், காயை முத்து பார்ப்பாள் என்று நிம்மதியாக இருந்தோம்.

முதல் நாள் மாலை ஒரு கப்பலில் இருந்து ஆறு பேர் இறங்கி வந்து தங்கியிருந்தார்கள். எல்லாரும் பல்கேரியாக்காரர்கள். எட்டு மாசத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களோடு போக வேண்டிய ஏழாவது ஆள், இவான் என்று பேர், அதே கப்பலில் ஃபிட்டர் வேலை. வயது ஐம்பது இருக்கும். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். கப்பலிலேயே வயிறு கெட்டு, இங்கே ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குளுக்கோஸ் ஏறி, அன்று காலையில்தான் விடுதிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். சட்டை அவர் மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. கஞ்சி கொடுத்தோம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். ரொட்டி, இட்லி, அவித்த முட்டை எதுவும் இறங்கவில்லை.

பார்க்க வந்த டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு மணிக்குத் திரும்ப வருவேன். அதுக்குள்ள ஒரு நேரச் சாப்பாடு உள்ள போய்த் தங்கணும். இல்லன்னா பிளேன் ஏத்தச் சொல்ல மாட்டேன். திரும்ப ஆஸ்பத்திரிதான்."

ஏர்போர்ட் வேன் இரண்டரைக்கு. அவர் சாப்பிடவில்லை என்றால் ஆறு பேர் போவார்கள், பாஷை தெரியாத ஊரில் அவர் ஒருவர் மட்டும் கட்டிலில் கிடப்பார். எங்களுக்கு அன்றைக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, இங்கிலீஷ் தெரிந்த இளவட்டம் ஒருவன் இவானுடைய போனைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தான். போனில் ஒரு படம். ஒரு கிண்ணத்தில் பிய்த்த கோழிக்கறி, வெள்ளரிக்காய், மேலே கெட்டியான வெள்ளைச் சாறு, அதில் பொடிப்பொடியாகப் பச்சை இலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டம்மா செய்வாராம். இது கிடைத்தால் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்கிறாராம். இலைக்கு என்ன பேர் என்று கேட்டேன். "டில்" என்றான்.

முத்துலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "தயிர்ப் பச்சடியில கோழியப் போட்டு வச்சிருக்காவ" என்றாள். நல்லவேளை, அது சாலட், மேலே ஊற்றுவது டிரெஸ்ஸிங் என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அவள் சொன்னதும் சரிதான்.

கோழி நெஞ்சுக்கறி ஃபிரிட்ஜில் இருந்தது. பாய் அதை வேகவைத்துப் பிய்ப்பது, முத்து வெள்ளரிக்காயைத் தோல் சீவி வெந்நீரில் அலசி நறுக்குவது, டிரெஸ்ஸிங் நான் என்று பிரித்துக்கொண்டோம்.

"மயோனைஸ் அடிச்சிருவமாக்கா? முட்டை இருக்கு" என்றார் பாய்.

"அஞ்சு நாள் குளுக்கோஸ்ல கெடந்த வயித்துக்குப் பச்ச முட்டையா பாய்?"

"அதும் சரிதான்."

காலையில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் இருந்தது. அதை வழித்து, கொஞ்சம் பாலாடை சேர்த்து, ஒரு பல் பூண்டு தட்டிப்போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவி அடித்தேன். மல்லித்தழையும் புதினாவும் பொடியாக நறுக்கினேன். டில் என்பது சதகுப்பை என்று பண்டாரி அண்ணாச்சி ஒருதரம் சொல்லியிருந்தார். இலை நம் மார்க்கெட்டில் எங்கே தேட. விதை நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும், ஆனால் போய்வர நேரமில்லை. வாய்விட்டுச் சொன்னதும் முத்துலட்சுமி தன் பையை எடுத்து வந்தாள். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று முதல் நாள்தான் மருந்துச் சாமான் வாங்கியிருந்தாளாம்.

"யக்கா, இது பிள்ளை பெத்தவளுக்குல்லா இடிச்சுக் குடுப்போம்."

"இவரும் கிட்டத்தட்ட அந்த நெலமையிலதான் கெடக்காரு. குடு."

ஒரு சிட்டிகை வறுத்து இடித்துப் போட்டேன். வாசனை எழும்பியது. வாசலில் நின்ற இளவட்டத்தின் முகம் மாறியதைப் பார்த்தேன். சரியான இடத்தைத் தொட்டுவிட்டோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் கெடுத்தது. டிரெஸ்ஸிங்கை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்தேன், அதில் கறி இல்லையே. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இருக்கட்டும், கோழி சப்பென்றுதானே இருக்கும், சேர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டேன். கலந்து முடித்துவிட்டு, கைப்பழக்கத்தில் இன்னொரு சிட்டிகையும் தூவினேன். கலந்ததை யாரும் வாயில் வைக்கவில்லை. வைக்க ஆளில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டில் வாட்ச்மேன் அண்ணாச்சி சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார். இருபத்தாறு வருஷத்துக் கை, அதற்கு அளவு தெரியாதா என்று நினைத்துவிட்டேன். பண்டாரி அண்ணாச்சி இருந்திருந்தால் தட்டை மறித்திருப்பார்.

தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். இவான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மணத்தை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். மெல்லுவது நின்றது. பிறகு விழுங்கினார். தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மரியாதைக்கு இன்னொரு கரண்டி எடுத்தார். அதை விழுங்க அவர் பட்ட பாடு தொண்டையில் தெரிந்தது. மூன்றாவது கரண்டி தட்டிலேயே நின்றுவிட்டது.

சமையல்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தட்டை வாங்கிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தேன். என்ன கோளாறு என்று தெரியாமல் திருத்த முடியாது. மணி ஒன்று இருபது. சிலுவை போட்டுக்கொண்டு ஒரு துண்டுக் கோழியை எடுத்து வாயில் வைத்தேன். பிறந்ததில் இருந்து தவக்காலத்து வெள்ளியில் என் நாக்கில் படாத கறி அன்றைக்குப் பட்டது. உப்பளத்தில் விழுந்து எழுந்ததுபோல வாயெல்லாம் கரித்தது.

இதைப் பிறகு கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எவ்வளவு உப்பு இருந்துச்சு?" என்றார். சொன்னேன். "அப்ப பரிகாரத்த அங்கனயே முடிச்சிட்ட, போம்மா" என்றார்.

குசினிக்குள் வந்து விசாரித்தால் கதை வெளியே வந்தது. பாய் தலையைக் குனிந்துகொண்டு, "ருசி பாக்க முடியாதேன்னு ஒரு கை கூடப் போட்டுட்டேன்க்கா. கொறஞ்சிரக் கூடாதுன்னு" என்றார். வெள்ளரிக்காய் தண்ணி விடட்டும் என்று முத்து உப்புப் போட்டுப் பிசறி வைத்திருக்கிறாள், பிழியாமல் அப்படியே கொடுத்துவிட்டாள். நான் போட்டதை நானே சொன்னேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை என்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த மனுஷன் மூன்று பேரை நினைக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்களில் யாரும் அசட்டையாக இல்லை. அவரவர் பங்குக்கு அக்கறையோடுதான் போட்டோம். "நான் போட்டுட்டேன்" என்ற இரண்டு சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். ருசி பார்க்க முடியாதவன் கை தாராளமாகும். அப்படிப்பட்ட நாளில் வாயும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். மூன்றையும் நான்தான் கலந்தேன், கேட்டிருக்க வேண்டியவளும் நான்தான்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக் கோழி கலக்காமல் மிச்சம் இருந்தது. பாய் அதை வெந்நீரில் இரண்டு தடவை அலசிப் பிழிந்தார். நான் உப்பில்லாமல் புதுத் தயிர் எடுத்தேன். முத்து வேறு வெள்ளரிக்காய் சீவினாள். இந்தத் தடவை யார் பார்ப்பது? என் நாக்கு உப்பில் மரத்துக் கிடந்தது, அரைமணி நேரத்துக்கு அதை நம்ப முடியாது.

பாய் கரண்டியைக் கையில் எடுத்தார். "நான் பாக்கேன்க்கா. போச்சுன்னா ஒரு நோன்பு, பெறவு இன்னொரு நாள் அதுக்கு ஈடா களா நோன்பு பிடிச்சுக்கிடுதேன்."

அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். என் தப்புக்கு அவர் நோன்பு போவானேன்.

"அப்ப வாட்ச்மேன் அண்ணாச்சியக் கூப்பிடுங்க" என்றார் பாய்.

அப்போதுதான் முத்துலட்சுமி வாய் திறந்தாள். குனிந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி கருவாட்டுக் கொழம்புக்கே உப்பு பத்தலன்னு சொல்லுத ஆளு. அவரு நாக்கு நமக்கு எதுக்கு? திங்கப் போறவரையே இங்கன கூட்டிட்டு வந்து உக்கார வச்சிட்டா என்ன?"

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருபத்தாறு வருஷத்தில் எனக்குத் தோன்றாதது.

இவானை இளவட்டம் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். பாய் பிளாஸ்டிக் நாற்காலியை மேடைக்குப் பக்கத்தில் போட்டார். முதலில் தயிர் மட்டும் ஒரு கரண்டி கொடுத்தேன். "உப்பு?" என்று கேட்டேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாக விரித்துக் காட்டினார். ஒரு சிட்டிகை போட்டேன். இன்னொரு கரண்டி. "உப்பு?" போதும் என்று தலையை ஆட்டினார். எலுமிச்சையை அவரே எடுத்து இரண்டு சொட்டு பிழிந்துகொண்டார். முத்து வெள்ளரிக்காயை நீட்டி, "உப்பு?" என்றாள். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழித் துண்டை நீட்டி, "உப்பு?" என்றார். கலந்த பிறகு ஒரு கரண்டி, இடித்த சதகுப்பை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி இன்னொரு கரண்டி. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்கிறோம், அவர் ருசி பார்த்துப் பார்த்துச் சொல்கிறார். கடைசியில் பார்த்தால் கிண்ணத்தில் அடி தெரிகிறது. தட்டில் வைக்க எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் ஒரு நேரச் சாப்பாட்டை முடித்திருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததைச் சொல்வதில் என்ன இருக்கிறது. முத்து என்னைப் பார்த்துவிட்டு வெங்காயக் கூடையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள், யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளட்டும் என்று.

டாக்டர் வந்தார், காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், நாடி பிடித்தார், கால்மணி நேரம் வராண்டாவில் உட்கார வைத்தார். உள்ளே போனது அப்படியே தங்கியது. "கெளம்பட்டும்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு மத்தியான வேளைகளில் அந்த இருவரையும்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எனக்காக நோன்பை விடத் துணிந்த பாய்க்கும், ஒரு வரியில் குசினியையே திருப்பிப் போட்ட முத்துலட்சுமிக்கும் நான் பட்டிருக்கும் கடனை இந்தக் காகிதத்தில் எழுதித் தீர்க்க முடியாது. இரண்டு பேரும் இப்போது உங்களோடுதான் நிற்கிறார்கள். அவர்கள் சொன்னால் கேளுங்கள். பண்டாரி அண்ணாச்சியின் சட்டத்தையும் காப்பாற்றுங்கள். ஆக்குகிற கைக்கு முடியாத நாளில் வேறொரு நாக்கைத் தேடுங்கள், வெட்கப்படாமல் தேடுங்கள். உண்ணப் போகிறவரைவிட நல்ல நாக்கு கிடைக்காது.

இரண்டரைக்கு வேன் வந்தது. மற்ற ஆறு பேரும் ஏறிவிட்டார்கள். இவான் ஏறாமல் மெல்லக் குசினி வாசலுக்கு வந்தார். பாய்க்கு முன்னால் நின்று, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, லேசாகக் குனிந்து, "உப்பு" என்றார். முத்துலட்சுமியைப் பார்த்து, "உப்பு" என்றார். கடைசியாக என் முன்னால் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "உப்பு" என்றார்.

வேன் கேட்டைத் தாண்டும்வரை மூன்று பேரும் சிரிக்காமல் நின்றோம். பிறகு முத்துலட்சுமி சொன்னாள்:

"நன்றிங்கதுக்கு நம்ம பாஷையில அதுதான் வார்த்தைன்னு நெனச்சிட்டாரு போல. திருத்தி விட்டிருக்கலாம்லா யக்கா."

"திருத்த வேண்டாம்ளா" என்றேன். "சரியாத்தான் சொல்லிட்டுப் போறாரு."